மங்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் ஞாயிறு மலரில் வந்த மட்பாண்டக் கலைக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். சீனத்துப் பீங்கான், கொரியக் கிண்ணம், 1920இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்டு லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியும் இங்கிலாந்தின் செயிண்ட் ஐவ்ஸில் தொடங்கிய சூளை என்று கட்டுரையாளர் உலகையே சுற்றிக் காட்டியிருக்கிறார். நம் மலேசியாவுக்கு வந்ததும் மட்டும் லாபு சாயோங் என்னும் கறுப்பு மண் கூசாவைப் பற்றி நாலு வரி எழுதிக் கையைக் கழுவிவிட்டார். ரப்பர்ப் பால் ஏந்தும் மங்கு பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மங்கு தெரியாமல் இருக்காது. மரத்தைச் சுற்றிய கம்பியில் உட்கார்ந்து பாலை ஏந்தும் அந்தச் சிறு கிண்ணத்தை, பள்ளி விட்டு வந்து துடைத்த பிள்ளைகள் இந்தச் சுங்கை சிப்புட்டில் எத்தனையோ பேர். ஆனால் அதைச் செய்தவர் யார் என்று நாம் கேட்டதே இல்லை. தொடக்க காலத்தில் தேங்காய்ச் சிரட்டையும் தகரக் குவளையும் பயன்பட்டன. பிறகு சீனக் குயவர்களின் சூளைகள் மங்கு செய்யத் தொடங்கின. சிங்கப்பூர் ஜூரோங் பக்கத்து டிராகன் சூளைகளுக்கு மங்கும் பூந்தொட்டியும்தான் சோறு போட்டன. 1940 வாக்கில் எழுந்த தௌ குவாங் சூளையும் 1958இல் கட்டிய குவான் ஹுவாட் சூளையும் மட்டுமே இன்று அங்கே எஞ்சியிருக்கின்றன.

டிராகன் சூளை என்பது மேட்டுச் சரிவில் படுத்துக் கிடக்கும் நீண்ட செங்கல் சுரங்கம். கீழ் வாயில் நெருப்பை மூட்டுவார்கள். வெப்பம் தானாகவே மேலேறும். பக்கவாட்டுத் துளைகள் வழியாக விறகைப் போட்டுப் போட்டு, ஏறத்தாழ 1,250 டிகிரி செல்சியஸ் வரை கொண்டு போவார்கள். அந்தச் சூட்டில் விறகுச் சாம்பலே உருகிப் பாண்டத்தின் மேல் கண்ணாடி போலப் படியும். எந்த மூலையில் எந்தக் கலத்தை வைக்கலாம், எப்போது விறகை நிறுத்தலாம் என்பதெல்லாம் சுடரின் நிறத்தைப் பார்த்தே சொல்லும் வித்தை. இதைக் கலை என்று சொல்லக் கட்டுரையாளருக்கு ஏன் மனம் வரவில்லை?

என் தந்தையார் விட்டுச்சென்ற மங்கு ஒன்றை இப்போது எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உள்ளே பழுப்புப் பூச்சு, கட்டிப்பாலை இழுத்தால் ஒட்டாமல் உரிந்து வரும் அளவுக்கு வழவழப்பு. அடியில் பூச்சு இல்லை. அங்கும் பூச்சு இருந்தால் சூளையில் உருகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பூச்சு முடிகிற ஓரத்தில் மூன்று வெற்றுத் தடங்கள் இருக்கின்றன. பூச்சுக் குழம்பில் முக்கியபோது பிடித்திருந்த விரல்கள் அவை. வேலை முடியும் அவசரத்தில் அவற்றை யாரும் மெழுகி மறைக்கவில்லை.

ஹமாடா ஜப்பானின் மாஷிகோ ஊரில் குடியேறிய பிறகு தம் கலங்களில் பெயர் பொறிப்பதை நிறுத்திக்கொண்டார். 1955இல் ஜப்பான் அரசு அவரை வாழும் தேசியப் புதையலாக அறிவித்தது. பெயர் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். மங்கு செய்தவரிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. பெயர் தெரியாத கொரியக் குயவர் ஒருவர் செய்த எளிய கிண்ணம், கிசாயெமோன் என்ற பெயரில் கியோட்டோவின் தைதோகுஜி ஆலயத்தில் ஜப்பானின் தேசியச் செல்வமாக இருக்கிறது. நம் மங்கோ சிகரெட் சாம்பல் தட்டாகவும், பழம்பொருள் கடையில் கூடைக்குள் விலைச்சீட்டு ஒட்டிய சாமானாகவும் முடிந்துவிட்டது. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

தோட்டங்களில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். எஞ்சிய மரங்களுக்குப் பிளாஸ்டிக் கோப்பை வந்தது. சூளைக்காரர்கள் வேறு பிழைப்பு தேடினார்கள். அந்த வேலை தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று வயதானவர்கள். தங்கள் நிருபர்கள் ஒரு நாள் ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம் பக்கம் போய் அங்குள்ள பாண்டத் தொழிலாளர்களிடம் பேசட்டும். கோலசிலாங்கூர்ப் பக்கம் பொங்கல் பானையும் அகலும் வனையும் தமிழ்க் குயவர்களையும் பார்க்கட்டும். பொங்கலுக்கு முந்திய வாரம் மட்டும் பானைப் படம் போட்டுவிட்டு மறப்பது இனியும் வேண்டாம். வாசகர்கள் வீட்டில் மங்கு இருந்தால், எந்தத் தோட்டத்தது என்ற விவரத்தோடு படம் அனுப்பச் சொல்லி ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். முதல் படம் என்னுடையதாக இருக்கும்.

இன்னொன்று. லாபு சாயோங்குக்குக் கறுப்பு வண்ணம் பூசுகிறார்கள் என்று கட்டுரையில் இருக்கிறது. அதைச் செய்யும் கோலகங்சார் எங்களுக்கு அண்டை ஊர். சூளையிலிருந்து சூடாக எடுத்த கூசாவை நெல் உமியில் புதைக்கும்போது எழும் புகைதான் அந்தக் கறுப்பைத் தருகிறது. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
பால்மரத் தொழிலாளியின் மகள்,
சுங்கை சிப்புட், பேராக்.