போல்ட்டை இறுக்கியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார்பன் ஃபைபர் சைக்கிளின் சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்) முறிந்துவிட்டது என்று கடைக்குப் போனால், 'போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்த போல்ட்டைப் பூட்டித் தந்தது அதே கடைதான் என்றாலும், அதை நிரூபிக்க வாங்கியவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை.

சீட் போஸ்ட்டைப் பிடிக்கும் கிளாம்ப்பில் போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம் என்று '5 நியூட்டன் மீட்டர்' என்பது போன்ற அளவு பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். போல்ட்டைத் திருகும் 10 சென்டிமீட்டர் நீள ஆலன் கீயின் நுனியை ஏறத்தாழ 5 கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலே அது வந்துவிடும். இரும்பு சைக்கிளில் பழகிய கை அதைத் தெரியாமலே தாண்டிவிடும். அலுமினியக் குழாய் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கார்பனோ, உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் வெளியே கீறல் தெரியாமல் இருந்து, பின்னொரு நாள் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது சட்டென்று முறியக்கூடும். போஸ்ட் வழுக்குகிறது என்று மேலும் மேலும் இறுக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதற்கென்றே நுண்துகள் கலந்த கார்பன் பசை விற்கிறது, அதைத் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் கிரீஸ் தடவிக் கொடுக்கும் மெக்கானிக்குகளையும் பார்த்திருக்கிறேன்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பூட்டுவதில் விற்பனையாளர் உரிய கவனம் காட்டாததாலோ, தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவருக்குத் தெரிவிக்காததாலோ தீங்கு நேர்ந்தால், அவரையும் பொறுப்பாளி ஆக்குகிறது (பிரிவு 86). ஆனால் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் அவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று அடுத்த பிரிவே விலக்களிக்கிறது. ஆகவே, போல்ட்டைக் கடைசியாக முறுக்கியது யார், எந்த அளவுக்கு என்பதில்தான் வழக்கே நிற்கிறது.

எனவே கார்பன் பாகமுள்ள சைக்கிளை விற்கும் கடை, ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம், சீட் போஸ்ட் ஆகியவற்றை டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டும் கருவி) கொண்டு எந்த அளவுக்கு முறுக்கியது என்பதைத் தேதியும் மெக்கானிக்கின் கையொப்பமும் இட்டு பில்லோடு தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். அளவு தெரியாமல் வீட்டில் தாமே முறுக்கிப் பார்த்தவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். பெட்டியில் அனுப்பிவிட்டு 'நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள்' என்னும் இணைய விற்பனையாளர்கள், முறுக்கு அளவுகளைத் தமிழிலும் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்,
சென்னை.