அரையாண்டு நிறைவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பதக்கங்கள் வென்றார்கள். பத்தாம் வகுப்புக்கான மாலைநேர வகுப்புகளும் தடையின்றி நடக்கின்றன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

சென்ற வாரம் நடந்த சமூக அறிவியல் கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சமூக இயக்கங்கள்தாம் இவ்வாண்டின் பொருள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேரளத்து வைக்கம் கோயிலையும் அதைச் சுற்றிய தெருக்களையும் அட்டையில் வரைந்து, ஒடுக்கப்பட்ட சாதியினர் அத்தெருக்களில் நடக்கக் கூடாது என்ற தடையை 1924 மார்ச் 30 அன்று மீறித் தொண்டர்கள் மூவர் நடந்து சென்ற வழியைக் குச்சியால் தொட்டுக்காட்டி அழகாக விளக்கினான். குச்சி பிடித்த அதே கையில் சாதி அடையாளக் கயிறு கட்டியிருந்தது.

அன்று மதியம் சத்துணவு வாங்கிய பிள்ளைகள் கயிற்றின் நிறம் பார்த்து வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். கையில் கயிறில்லாத ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், எந்த வட்டத்திலும் இடம் கிடைக்காமல், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தான்.

கோயிலில் கட்டிய காப்பையோ, நேர்த்திக்கடனுக்கான கயிற்றையோ நான் குறிப்பிடவில்லை. உங்கள் வழிபாட்டில் பள்ளி தலையிடாது. இன்னார் இன்ன சாதி என்று காட்டுவதற்காகவே கட்டப்படும் கயிற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். "அப்பாதான் கட்டிவிட்டார்" என்று பிள்ளைகள் சொல்லும்போது அவர்களை மட்டும் கண்டிப்பது நியாயமாகப்படவில்லை. தம் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொல்லிப் பெற்றோர் சிலர் என்னை நேரில் பார்த்ததும் உண்டு.

நம் மாவட்டத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தை இங்கே நினைவூட்டுகிறேன். நாட்டுக்காக அயல்நாடுகளில் அலைந்த தியாகி அவர். ஆயினும், பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பதற்காகப் பிராமண மாணவர் இருவரைத் தனியே உண்ண அனுமதித்தார். அந்த இணக்கம்தான், அன்று காங்கிரஸ் தலைவர்களாயிருந்த வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துப் பேசும் அளவுக்குப் பெரிய பிளவாயிற்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களோடு சாதியைக் காட்டும் குறிகளையும் விட்டுவிடச் சொன்னது. நம் பிள்ளைகள் தேர்வில் எழுதும் விடை இது.

ஆகவே, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் முதல், சாதியைக் காட்டும் கயிறோ, வளையமோ, நெற்றிப் பொட்டோ அணிந்த மாணவர் அதை நீக்கிய பிறகே வகுப்புக்குச் செல்லலாம். மறுநாளும் தொடர்ந்தால் பெற்றோரை நேரில் அழைப்பேன். இருக்கை மாற்றம் கேட்டு இக்காரணத்துக்காக எவரும் வர வேண்டாம். நான் இணங்க மாட்டேன்.

இவ்வளவு கடுமையாக எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன். கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டுக் கண்காட்சிக்குப் பந்தல் போட வந்தவர்களும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சுண்டல் அவித்துக் கொண்டுவந்த தாய்மார்களும் உங்களிடையேதான் இருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில்தான் இதை வெளிப்படையாக எழுதினேன். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

கண்காட்சி அட்டைகள் பள்ளி திறந்த பிறகும் ஒரு வாரம் கூடத்தில் இருக்கும். பிள்ளைகளோடு வந்து பாருங்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்