'பிரிங்', 'டேக்': கேட்பவரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலப் பாடத்தில், பேசுபவரை நோக்கி ஒரு பொருள் வந்தால் 'பிரிங்', அவரைவிட்டுப் போனால் 'டேக்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பாதிதான் சரி. மீதிப் பாதியில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகும்.

"நாளை உங்கள் வீட்டுக்குப் புத்தகத்தை..." என்ற கேள்விக்கு 'டேக்' மட்டுமே விடை என்கிறது பாடம். ஆனால் விருந்துக்கு அழைத்தவரிடம் ஆங்கிலேயர் "ஷல் ஐ பிரிங் சம்திங்?" என்றுதான் கேட்பார். கேட்பவர் இருக்கும் இடம், அந்த நேரத்தில் அவர் இருக்கப்போகும் இடம், இரண்டுக்கும் 'பிரிங்' பொருந்தும். அதே பயிற்சியில் வரும் குடைக் கேள்வி இன்னும் மோசம். "குடையை மறக்காதே" என்று மகனிடம் சொல்லும் அம்மா வீட்டு வாசலில் நின்று வழியனுப்புகிறாரா, பேருந்து நிலையத்தில் அவனுக்காகக் காத்துக்கொண்டு போனில் பேசுகிறாரா? முன்னதற்கு 'டேக்', பின்னதற்கு 'பிரிங்'. அம்மா எங்கே என்று சொல்லாமல் கோடிட்ட இடத்தை எப்படி நிரப்புவது?

இது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதே அல்ல. "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த" என்கிறது தொல்காப்பியம். தருதலும் வருதலும் பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. 'பிரிங்', 'கம்' இரண்டுக்கும் இதைவிடக் கச்சிதமான விதியை நான் ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் பார்த்ததில்லை. 'எனக்குத் தா', 'உனக்குத் தருகிறேன்', 'அவனுக்குக் கொடு' என்ற வேறுபாடு மலையாளத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. எங்கள் குமரி மாவட்டத்துப் பேச்சிலும் 'தா' உயிரோடுதான் இருக்கிறது. சென்னைப் பக்கம் எல்லாவற்றுக்கும் 'குடு' என்றாகிவிட்டது.

எல்லா மொழியும் இப்படி இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் நாம் "இதோ வரேன்" என்போம், ஆங்கிலேயரும் "ஐ ஆம் கமிங்" என்பார். ஸ்பானியரோ 'போகிறேன்' என்ற பொருளில் "வோய்" என்பார். ஜப்பானியரும் போவதற்குரிய வினையைத்தான் சொல்வார். அவர்கள் சிரமப்பட்டுப் படிக்க வேண்டியது நமக்கு வாய்ப்பேச்சிலேயே இருக்கும்போது, பாடம் ஏன் அதைத் தொடாமல் போகிறது?

ஆங்கிலத்துக்குள்ளும் இந்த வழக்கு ஊருக்கு ஊர் மாறும். அயர்லாந்தில் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதையும் 'பிரிங்' என்றே சொல்வார்கள். எனவே 'இது தவறு' என்று அடிக்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

விடைத்திருத்தம் போடும்போது புத்தகக் கேள்விக்கு 'பிரிங்' எழுதியவர்களுக்கும் மதிப்பெண் உண்டு என்று குறிப்பிடுங்கள். கூடவே 'கம்', 'கோ' பற்றியும் நான்கு வரி சேர்த்தால் நல்லது. விடைபெறும்போது 'போறேன்' என்பது நமக்கு ஆகாது என்பதால், நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். திரும்பி வருவதாக இருந்தால் "ஐ வில் பி பேக்", இல்லாவிட்டால் வெறும் "பை" போதும் என்று யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மார்த்தாண்டம்.