கயிற்றை இழுக்காதே, முதலில் ஆயிலைப் பார்

தண்டையார்பேட்டை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பேரன் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான், மெட்ரோவில் கூட்டிப் போ என்று ஞாயிறுதோறும் ஒரே பிடிவாதம். மற்ற விஷயமெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசியில், அப்பாவின் மண்ணெண்ணெய் இன்ஜினைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துப் பொங்கலுக்குள் ஓட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்துவிட்டுத்தான் உடனே பேனாவை எடுத்தேன். நாலு வருஷமாகக் கிடக்கிற இன்ஜின். கயிற்றைச் சுற்றி இழுத்துவிடாதே. போன மாதம் நான் பார்த்த வேலையைச் சொல்கிறேன், படித்துவிட்டு அப்புறம் அதில் கை வை.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கம்பெனியின் விளையாட்டு மைதானம். அங்கே உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி ஒன்று இருக்கிறது. மிக்ஜாம் புயலுக்கு முன்னால், 2023 கடைசியில் ஓடியதோடு சரி. ஷெட்டில் தார்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பெட்ரோலையும் வடிக்கவில்லை, பேட்டரியையும் கழற்றவில்லை. இப்போது பந்தயம் நடத்த வேண்டும், புல் முழங்கால் உயரம் நிற்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

500 சிசி, ஒரே சிலிண்டர். புல்லட் கொள்ளளவுதானே என்று தைரியமாகப் போனேன். நீயும் நானும் திருவொற்றியூர் என்ஃபீல்டு வண்டிகளைப் பிரித்துப் பிரித்துத்தானே தொழில் கற்றோம். ஆனால் இதில் பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்கும், பிஸ்டன் படுத்துக்கொண்டு ஓடும். அடியில் சுற்றுகிற கத்திக்கு நேராக பெல்ட் போடுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நான் போய்ச் சேரும்போது தோட்டக்காரர் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் நின்றுவிடுகிறது. பேட்டரி வீக் என்று முடிவு கட்டி, வாசலில் நிற்கிற லாரியின் பேட்டரியிலிருந்து கேபிள் போடப் போனார்கள். பேட்டரியில் மீட்டர் வைத்தேன். 12.6 வோல்ட், முழு சார்ஜ், புதிதாக மாட்டிய பேட்டரி. அப்படியென்றால் செல்ஃபை ஏதோ ஒன்று தடுக்கிறது. எல்லாரையும் கையை எடுக்கச் சொல்லிவிட்டு ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன்.

மச்சான், அந்தக் குச்சியை நீ பார்த்திருக்க வேண்டும். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரம் நின்றது. நுனியில் ஆயில் சொட்டாக நிற்கவில்லை, தண்ணீர் மாதிரி ஓடி என் மணிக்கட்டு வரை வந்தது. முகர்ந்தால் சுத்தமான பெட்ரோல் வாடை.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயந்திரம் டேங்கில் ஐந்து லிட்டர் புது பெட்ரோல் ஊற்றி வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி, பெட்ரோல் வரவை அடைக்கிற ஃப்ளோட் நீடிலைத் திறந்த நிலையிலேயே ஒட்டி வைத்திருந்தது. ராத்திரி முழுக்க பெட்ரோல் கார்புரேட்டர் வழியாக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்து ஆயிலோடு கலந்துவிட்டது. காற்று அமுங்கும், பெட்ரோல் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லை. அந்த நேரத்தில் லாரி பேட்டரியின் வேகத்தில் செல்ஃப் அடித்திருந்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

பிளக்கைக் கழற்றி, வயரைத் தூரமாக ஒதுக்கிவிட்டு, ஃப்ளைவீல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் பீறிட்டு அடித்தது. ஆயிலை வடித்தேன். 1.4 லிட்டர் பிடிக்கிற இன்ஜினிலிருந்து இரண்டு லிட்டருக்கு மேல் வந்தது. எஸ்.ஏ.இ. 30 கிரேடில் புது ஆயில் ஊற்றினேன். நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் சரி.

அடுத்தது கார்புரேட்டர். கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பச்சையும் பழுப்புமாகப் பொடி, சுவரெல்லாம் வார்னிஷ் பூசின மாதிரி. பெட்ரோலில் கலக்கிற எத்தனால் ஈரத்தை இழுக்கும், மச்சான். நம்ம கடற்கரைக் காற்றில் சொல்லவே வேண்டாம். தண்ணீர் கூடக் கூட எத்தனாலும் தண்ணீருமாகத் தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும், உலோகத்தை அரிக்கும். இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால். இந்த மாதிரிச் சின்ன இன்ஜின்களின் கையேட்டில் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். மாசக்கணக்கில் நிறுத்தப் போகிற எந்த வண்டியிலும் பெட்ரோலை விட்டு வைக்காதே. டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானே நிற்கும் வரை ஓட விடு.

பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டின் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு புள்ளி கூடத் தெரியவில்லை. ஒயரில் இருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, கிளீனர் அடித்து அடித்துக் குத்தினேன். இரும்பு ஊசி போட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், அதை நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். கால் மணி நேரம் கழித்து, கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. நீடிலையும் கேஸ்கெட்டையும் மாற்றிவிட்டேன்.

அப்புறமும் பிளக்கில் கரண்ட் இல்லை. மேலே உள்ள விசிறி மூடியைக் கழற்றினால் பழைய துணி, புல், தேங்காய் நார் என்று ஒரு எலி கூடு கட்டிக் குடும்பமே நடத்தியிருக்கிறது. அதை அப்படியே விட்டு ஓட்டியிருந்தால் காற்று போகாமல் இன்ஜின் சூடேறிப் பிடித்திருக்கும். ஃப்ளைவீல் காந்தத்தில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பொறிக்குக் கரண்ட் தருகிற காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து இடைவெளி வைத்தேன். கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கரண்ட் வரவில்லை. இன்ஜினை நிறுத்துவதற்காகக் காயிலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகிற ஒற்றை வயரைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன். பளிச்சென்று நீல நிறத்தில் பொறி! காயில் நல்லா இருக்கிறது, ஸ்விட்ச் வழியில்தான் கோளாறு என்று புரிந்தது. இந்த சோதனையை நீ எங்கே செய்தாலும் வயரை மறக்காமல் திரும்ப மாட்டு. அது இல்லாவிட்டால் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனால் சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்விட்ச் துருப்பிடித்துக் கிடந்தது. ஓட்டுகிறவர் சீட்டிலிருந்து எழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற ஸ்விட்ச் அது. ஸ்விட்சே வேண்டாம், டைரக்ட் பண்ணிவிடுங்கள், நாளைக்கே பந்தயம் என்று மேனேஜர் கெஞ்சினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடியில் சுற்றுவது கத்தி. ஓட்டுகிறவர் தடுக்கி விழுந்தால், மைதானத்து ஓரத்தில் பந்து பொறுக்கப் பிள்ளைகள் ஓடி வந்தால், அந்த ஒரு ஸ்விட்ச்தான் காப்பு. ஆட்டம் ஒரு வாரம் தள்ளிப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் ஸ்விட்ச் வாங்கிக் கொடுத்தார்.

மாட்டினேன். பிரேக்கை மிதித்து, சோக் இழுத்து, சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் வெள்ளைப் புகை, உள்ளே ஒட்டியிருந்த ஆயில் எரிந்து போனது. ஐடிலில் வேகம் ஏறி இறங்கிக் கொஞ்சம் ஹண்டிங் இருந்தது, ஐடில் ஜெட்டை இன்னொரு தடவை கழற்றிக் கழுவியதும் சரியாகிவிட்டது. முதல் வரிசை புல்லை வெட்டியதுமே கொக்குகள் எங்கிருந்தோ வந்து பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டன. கன்டெய்னர் லாரித் தூசிக்கு நடுவில் அந்தப் பச்சைப் புல் வாசனை! கொஞ்ச நேரம் கையைக் கூடக் கழுவாமல் நின்றேன்.

உன் இன்ஜினுக்கு வருகிறேன். முதலில் ஆயில் குச்சியைப் பார், முகர்ந்து பார். டேங்கில் இருப்பது பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, மொத்தத்தையும் வடித்துவிடு, அதன் மேல் புதிதாக ஊற்றாதே. பிளக்கைக் கழற்றி இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வை. மறுநாள் பிளக் இல்லாமலே கையால் மெதுவாகச் சுற்று. எங்காவது பிடித்தால் அங்கேயே நிறுத்து, பலம் காட்டாதே. டேங்க் மூடியின் சின்னத் துளையில் குளவி மண் வைத்திருக்கிறதா என்றும் பார். அது அடைத்தால் ஓடி ஓடி நிற்கும், காரணமே தெரியாது.

அப்பா அந்த இன்ஜினை எவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதினேன். ஊற வைத்ததும் போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். கார்புரேட்டரை நான் வந்து பிரிக்கிறேன், நீ தொடாதே. பிளக் ஸ்பானரும் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜும் என் பையில் இருக்கும், புது பிளக் ஒன்று மட்டும் வாங்கி வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி