வால்பாறைக்கு வரப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகச் சத்தமாக வாசித்தார். ரெண்டே நாளில் பன்னிரண்டு இடம், ரெண்டு பெரிய கார், ஆகஸ்ட் 15 லீவை ஒட்டி. "காடு பார்க்கிற திட்டமா, கல்யாணப் பத்திரிகை வைக்கிற திட்டமா இது?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உன் கூட வருகிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு.

நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள், உனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. காடு என்றால் கேட்டில் டிக்கெட் வாங்கி, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வருகிற இடம் என்று நினைத்திருப்பார்கள். வால்பாறை அப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காட்டை வெட்டித்தான் காபியும் தேயிலையும் வைத்தார்கள். வெட்டாமல் தப்பித்த சோலைத் துண்டுகள் நாற்பது போல, சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் எஸ்டேட்டுகளுக்கு நடுவே சிதறி நிற்கின்றன. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு யானை போகவேண்டும் என்றால் தேயிலைக்குள் இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலைத் தாண்டி, நீங்கள் கார் ஓட்டுகிற அதே தார் ரோட்டைக் குறுக்கே கடந்துதான் போகவேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது. ஆகையால் உன் நண்பர்கள் வந்து இறங்கிய நிமிடத்திலிருந்தே அவர்கள் காட்டுக்குள்தான் இருக்கிறார்கள். டீக்கடை வாசலில் நின்றாலும் அப்படித்தான். இதை மனசில் வைத்துக்கொண்டால் நான் கீழே எழுதியிருப்பதில் பாதியை அவர்களே யோசித்துச் சொல்லிவிடுவார்கள்.

முதலில் தேதியை மாற்று. "மழைக்காட்டை மழையில்தானே பார்க்கணும், ஆன்ட்டி" என்று உன் தோழி போனில் கேட்டாள். கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னக்கல்லாறு பக்கம் ஆடி ஆவணியில் பெய்கிற மழை பெங்களூர் மழை மாதிரி இல்லை. பத்தடி தள்ளி நிற்கிற மரம் தெரியாது. ரோட்டில் மண் சரியும். 2019 ஆகஸ்டில் அப்படிப் பெய்த மழையில்தான் கல்லாறு காடர் பழங்குடிக் குடியிருப்பு சரிந்து அந்தச் சனங்கள் வீட்டை விட்டு வந்தார்கள். தெப்பக்குளமேட்டில் குடியமர இடம் கேட்டு அவர்கள் போராடிய கதை உனக்கு நினைவிருக்கும், பட்டா கைக்கு வர 2021 ஆகிவிட்டது. அந்த மாதிரி நாளில் உங்களுக்கு ஏதாவது ஆனால், மீட்க வருகிறவர்களும் இந்த ஊர் ஆட்கள்தான். தை பிறக்கட்டும். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, வாரத்தின் நடுவில் வாருங்கள். வானம் வெளுத்திருக்கும், இருவாச்சிப் பறவை கூடு கட்டுகிற காலம். யானையும் அப்போது நிறைய இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

ரெண்டு கார் வேண்டாம் கண்ணு. ரயிலில் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ வந்து பஸ் ஏறுங்கள். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்காரட்டும். மேலே வந்தபின் சுற்றிப் பார்க்க இங்கேயே ஜீப் பேசிக்கொள்ளலாம். அந்தப் பணம் ஊர்க்காரர் கைக்குப் போகும். அதைவிட முக்கியம், நேற்று ராத்திரி யானை எஸ்டேட்டின் எந்தப் பகுதியில் நின்றது என்று உள்ளூர் டிரைவருக்குத் தெரியும், கூகுள் மேப்புக்குத் தெரியாது. கார்தான் என்று யாராவது அடம்பிடித்தால், 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சொல். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த அதே உயர் நீதிமன்ற உத்தரவுதான். பாட்டில் தண்ணீரும் பாலித்தீன் பையுமாக வந்தால் செக்போஸ்டில் கேள்வி வரும். வராவிட்டாலும் கொண்டுவராதீர்கள். திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்கிற மாதிரி ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு மஞ்சப்பை போதும்.

இந்த யானை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உனக்குப் பள்ளிக்கூட நாளில் கேபிள் டிவியில் படத்துக்குக் கீழே "இன்று இந்த எஸ்டேட்டில் யானை" என்று ஓடுமே, அது இப்போது போனுக்கே எஸ்.எம்.எஸ்ஸாக வருகிறது. யானை நடமாடும் இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை இருந்தால், பொறுப்பில் இருக்கும் ஆள் போனிலிருந்தே அதை எரிய வைப்பார். ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய ஆட்களும் வனத்துறையோடு சேர்ந்து செய்த வேலை, அதற்காக அவருக்கு 2015-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் தருகிற விட்லி விருது கிடைத்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நடந்து வீட்டுக்குப் போகிற பெண்களுக்காக வைத்த விளக்கு அது. அதைப் பார்த்ததும், "ஆகா, யானை இருக்கு" என்று வண்டியை நிறுத்தி இறங்கி, செல்போனைத் தூக்கிப் பிடிக்கிற டூரிஸ்டுகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

2025 பிப்ரவரியில் இருசக்கர வண்டியில் வந்த ஒரு ஜெர்மன்காரரை இந்த ரோட்டில்தான் யானை அடித்தது. மற்ற வண்டிகள் எல்லாம் தள்ளி நின்றிருக்கின்றன, நிற்கச் சொல்லியும் இருக்கிறார்கள். அவர் கடந்துவிடலாம் என்று போயிருக்கிறார். யானையைப் பார்த்தால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், அது கடந்து போகிற வரைக்கும் காத்திருங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். நாங்கள் ரேஷன் வாங்கப் போகும்போதும் அப்படித்தான் நிற்கிறோம்.

ராத்திரி வண்டி எடுக்கவே கூடாது. "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம், சிறுத்தை கேரண்டி" என்று தங்குமிடத்தில் யாராவது சொன்னால், அந்த இடத்தை மாற்றிவிடு. டார்ச் அடித்துக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் சுற்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், அது சட்டப்படியும் தப்பு. சிறுத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன வீடுகள் இந்த மலையில் இருக்கின்றன, பாப்பா. பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துகிற லைன் வாசலில் நின்று, சிறுத்தை தெரியுமா என்று விளக்கடித்துத் தேடுவது எனக்குச் சகிக்கவில்லை. மழை பெய்த ராத்திரியில் ரோடெல்லாம் தவளையும், மண்ணுக்குள் வாழ்கிற சின்னச் சின்னப் பாம்பும் வெளியே வரும். காலையில் பார்த்தால் டயரில் நசுங்கித் தாரோடு ஒட்டிக் கிடக்கும். அதில் சிலது இந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம்.

புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்கைப் பார்க்கவேண்டும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள், அது கிடைக்காத காட்சிதான். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அது வேறெங்கும் இல்லை. மரத்தை விட்டு இறங்காமலே ஆயுசைக் கழிக்கிற குரங்கு. வெடிப்பலா மரத்தின் முள்ளுக் காயை உரித்து விதையைத் தின்னும், பூவையும் விடாது. காட்டைத் துண்டு துண்டாக்கியதில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவ வழியில்லாமல் போய், இப்போது ரோட்டுக்கு இறங்குகிறது. அதற்காகத்தான் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். தீயணைப்புக் குழாய்த் துணியில் செய்தது. ரோட்டோரம் ஆள் போட்டு, வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லவும் செய்கிறார்கள்.

போன மாதம் நான் டவுனுக்குப் போன பஸ் அங்கே நின்றது. பெரிய கடுவன் ஒன்று ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தது, முகத்தைச் சுற்றி அந்த வெள்ளைப் பிடரி காற்றில் பறக்கிறது. கையில் யாரோ போட்ட காராசேவு பாக்கெட். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, பாக்கெட்டை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலேயே மரத்தில் பலாப்பழம் பழுத்து வெடித்திருக்கிறது, அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பஸ் கண்டக்டர்தான் கையைத் தட்டி விரட்டினார். நீங்கள் ஒரு பிஸ்கட்டைப் போட்டு, போட்டோ எடுத்துவிட்டுப் பெங்களூர் போய்விடுவீர்கள். அடுத்த நாள் அது வந்து எங்கள் சமையலறை ஜன்னலைத் திறக்கும், அல்லது அடுத்து வருகிற வண்டியின் அடியில் போகும். ஒன்பதாவது வளைவில் நிற்கிற வரையாட்டுக்கும் இதே பேச்சுத்தான். வண்டியிலிருந்து எதையும் நீட்டக் கூடாது.

இருவாச்சியை நீ காட்டவேண்டியதில்லை, அதுவே காட்டிக்கொள்ளும். தலைக்கு மேலே பறக்கும்போது இறக்கைச் சத்தம் புஸ் புஸ் என்று கேட்கும், எல்லோரும் தானாக அண்ணாந்து பார்ப்பார்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு. ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும். கூட்டுக்குக் கீழே ஆள் நின்றால் ஆண் வராமல் பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. கூட்டைக் காட்டுகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போகவேண்டாம். போனில் அதன் குரலை ஓடவிட்டு வரவழைப்பதும் கூடாது. படத்தைப் போடுகிறவர்கள் இடத்தின் பேரைப் போடாமல் போடட்டும்.

பட்டியலில் டாப்சிலிப் இருக்கிறது. அது வேறு ரோடு, பொள்ளாச்சியிலிருந்து தனியாகப் போகவேண்டும், அன்றைக்கு அதற்கே சரியாகிவிடும். அங்கே நீங்கள் அதிகம் பார்ப்பது தேக்கு. ஹ்யூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி நட்டு வளர்த்த காடு, அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடந்தான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு மழைக்காடு பார்த்தோம் என்று சொல்லாதீர்கள். அக்காமலை புல்மலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடு, அங்கே யாரையும் விடுவதில்லை. "ஆளைப் பிடித்தால் விடுவார்கள்" என்று சொல்கிறவனோடு போகவேண்டாம். காடர் குடியிருப்பு "விசிட்" என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். யாராவது உன்னை அழைத்தார்களா? அழைத்தால் போ. இல்லாவிட்டால் அந்த வரி எதற்கு? நம் வீட்டு வாசலில் ஜீப் நிறுத்தி ஆறு பேர் இறங்கி உன் பாட்டியைப் போட்டோ எடுத்தால் நீ சும்மா இருப்பாயா?

பன்னிரண்டில் மிச்சம் நாலைந்து இடம். அதில் ஒரு நாள் முழுக்க ஒரே சோலையின் ஓரத்தில் நடங்கள், அனுமதி உள்ள வழியில், தெரிந்த ஆளோடு. திவ்யா முத்தப்பா, ஷங்கர் ராமன் என்ற விஞ்ஞானிகளும் அவர்கள் அமைப்பும் இருபது வருஷத்துக்கு மேலாக இந்தச் சிதைந்த துண்டுகளில் காட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். எஸ்டேட் கம்பெனிகள் இடம் கொடுத்தன. நாற்றங்காலில் விதை போட்டு வளர்த்து, களை எடுத்து, பிறகு காத்திருக்கிற வேலை. எங்கே நட்டது, எங்கே தானாக வந்தது என்று பார்த்துச் சொல்ல முடிகிறதா என்று உன் நண்பர்களைக் கேள். அதற்கே அரை நாள் போய்விடும்.

ஆற்றில் இறங்காதீர்கள். இதில் மட்டும் எனக்கு வாக்குக் கொடு. 2023 அக்டோபரில் சோலையார் எஸ்டேட் ஆற்றில் கோயம்புத்தூர்க் கல்லூரிப் பையன்கள் 5 பேர் மூழ்கிப் போய்விட்டார்கள். மேலே இருந்து பார்த்தால் முழங்கால் தண்ணீர்தான், உள்ளே பாறைக்குழி. ஊரே அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அட்டைக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல். முழங்கால் வரை வருகிற அட்டை சாக்ஸ் போட்டால் போதும், ஏறினால் நகத்தால் நெம்பித் தள்ளிவிடலாம். தையில் அவ்வளவாக இருக்காது. பச்சையோ காக்கியோ உடுத்தட்டும், சென்ட் வேண்டாம், ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையோடு கொண்டுவரவேண்டும், பெரிதாக ஏதாவது என்றால் பொள்ளாச்சிக்குத்தான் இறங்கவேண்டும். பாதி இடத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால் எங்கே போகிறீர்கள் என்று தினமும் காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

தங்க ஓட்டல் எதற்கு? பெண்பிள்ளைகள் நாலு பேரும் நம் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். பையன்களுக்கு டவுனில் லைசென்ஸ் இருக்கிற லாட்ஜாக அப்பா பார்த்து வைக்கிறேன் என்கிறார். தேதியை முடிவு பண்ணிச் சொல், ஜீப்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும், தை மாசத்தில் அவருக்குக் கிராக்கி அதிகம். அரிசிம்பருப்புச் சோறும் ரசமும் போதுமா, கோழி அடிக்கட்டுமா என்றும் கேட்டுச் சொல். வரும்போது பொள்ளாச்சி சந்தையில் நல்ல நிலக்கடலை ரெண்டு கிலோ வாங்கி வா, இங்கே விலை கட்டுபடியாகவில்லை.

அன்புடன்,
அம்மா