ஆசிரியரை மதிப்பிடும் முன் வகுப்பறையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை நான். எங்கள் பணித்திறன் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் திறன்’ என்றொரு கட்டம் சில ஆண்டுகளாக இடம்பெற்று வருகிறது. அந்தக் கட்டத்தை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் திறனைக் காட்டுவதற்குப் பள்ளி ஆசிரியருக்கு என்ன கொடுத்தது என்பதைக் குறிக்க அதே படிவத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் குறை.

சென்ற முறை என் வகுப்பைப் பார்வையிட அலுவலர் வந்த அன்று ஒளிவிலகல் பாடம். அதற்கான அசைவுப்படத்தை முந்தைய இரவே என் சொந்த மடிக்கணினியில் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். ஆனால் புரொஜெக்டரின் விளக்கு மங்கிப் போயிருந்ததால், பகல் வெளிச்சத்தில் திரையில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் போராடிப் பார்த்துவிட்டு, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் பென்சிலைச் சாய்த்து நிறுத்தி, மாணவர்களை வரிசையாக வந்து பார்க்கச் சொன்னேன். கதிர்ப்படத்தை அவர்களையே கரும்பலகையில் வரைய வைத்தேன். தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் ஊற்றினால் பென்சில் இன்னும் அதிகமாக முறிந்து தெரியுமா என்று கடைசி வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள். பாடம் போய்ச் சேர்ந்ததற்கு அந்தக் கேள்வியே எனக்குப் போதுமானதாக இருந்தது. படிவத்திலோ, தொழில்நுட்பக் கட்டத்தில் எனக்கு ஐந்துக்கு ஒன்று. விளக்கை மாற்றித் தரும்படி எட்டு மாதங்களுக்கு முன்பே நான் எழுதிக் கொடுத்திருந்ததைப் பதிவு செய்ய அதில் இடமில்லை.

பள்ளிகளுக்கிடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வு சிறியதன்று. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையின்படி, உலக அளவில் இடைநிலைக் கல்வியின் கீழ்க் கட்டப் பள்ளிகளில் 50 சதவீதமும், மேல் கட்டப் பள்ளிகளில் 65 சதவீதமும் மட்டுமே இணைய இணைப்பு பெற்றவை. பயிற்சியும் அப்படித்தான். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் ‘டாலிஸ்’ எனப்படும் பன்னாட்டு ஆசிரியர் ஆய்வின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், தகவல் தொழில்நுட்பத்தைக் கற்பித்தலில் பயன்படுத்தத் தாங்கள் நன்கு ஆயத்தமாக இருந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் அந்த அமைப்பின் நாடுகளில் சராசரியாக 43 சதவீதம்தான். வசதி மிகுந்த நாடுகளின் நிலையே இது என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபுறமும் உண்டு. நல்ல கருவிகள் இருக்கும் பள்ளியில், திரையில் ஓடும் வரிகளை அப்படியே வாசித்துவிட்டுப் போகிறவருக்கும் அந்தக் கட்டத்தில் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. கல்வியில் கணினிக்குப் பெருமளவு செலவிட்ட நாடுகளில் மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்று அதே அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. கருவி இருந்ததா என்று பார்ப்பதும், அதனால் மாணவர் எதைக் கற்றார் என்று பார்ப்பதும் வேறு வேறு வேலைகள். மதிப்பெண் பதவி உயர்வையும் ஊதிய உயர்வையும் தொடும்போது இந்தக் குழப்பம் ஆசிரியர்களின் வாழ்க்கையையே தொடுகிறது. வசதி குறைந்த பள்ளியில் பணியாற்ற முன்வரும் நல்ல ஆசிரியர்களையும் அது விரட்டிவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே, மதிப்பீட்டு அலுவலர் வகுப்புக்குள் வந்ததும் முதலில் பள்ளியின் நிலையைக் குறிக்க வேண்டும்: அன்று இயங்கும் கருவிகள் எத்தனை, இணைப்பு உண்டா, பழுது நீக்க ஆள் இருக்கிறாரா, ஆசிரியருக்குக் கடைசியாகப் பயிற்சி எப்போது அளிக்கப்பட்டது. அவை இல்லாத இடத்தில் அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதி, மொத்த மதிப்பெண்ணில் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். நிரப்பிய படிவத்தின் ஒரு நகல், கருவிகளை வழங்கும் பொறுப்பில் உள்ளவர்களின் மேசைக்கும் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை