பழைய வண்டியை ரேஸ் டிராக்கில் இறக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, பழைய 100, 125 சிசி வண்டியைத் தயார் செய்பவர்கள் இன்ஜினைப் பிரிக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் கொதித்தால் லீவர் முழுசாக அமுங்கும், வண்டி நிற்காது. புதுசு ஊற்றி ஏர் எடுங்கள், அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். டிரம் பிரேக் என்றால் ஷூவையும் கேபிளையும் பாருங்கள்.

பழைய டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். அதனால் தயாரான தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

ஆயில் டிரெயின் போல்ட் (இன்ஜின் ஆயிலை வடிக்கும் போல்ட்) கழலாமலிருக்க, அதன் தலையில் சின்னத் துளை போட்டு 0.8 மி.மீ. ஸ்டீல் கம்பியால் கட்டுங்கள். போல்ட் இறுகும் பக்கமாகக் கம்பி இழுக்க வேண்டும். ஆயில் சிந்தினால் விழப்போவது பின்னால் வருகிறவர்; இதில் சமரசமே வேண்டாம். கண்ணாடி, ஸ்டாண்டு, இண்டிகேட்டர் எல்லாம் கழற்றிவிடுங்கள்.

ஓட்டிய பின் ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்; கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் பாருங்கள்.